மூன்றாவது கோள்

அதிகாலை மூன்று பத்துக்கு
அது வெளுத்தது.
பெயரில்லாத விண்மீன், எட்டிலக்க எண் மட்டும்.
திரையில் ஒரு புள்ளி, அடுத்து ஒரு புள்ளி,
பிறகு கட்டத்தைவிட்டே எகிறிய ஒரு புள்ளி.
அடகாமா மலையுச்சியில் அந்நேரம் விழித்திருந்தது
நான், ஆறிப்போன தேநீர்,
ராச்சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்து
போக மனமில்லாமல் நின்ற
சமையற்காரர் எவாரிஸ்தோ.

"வெடித்துவிட்டதா?"
வெடிக்கவில்லை. சீறியிருக்கிறது.
"இப்போதா?"
நாற்பத்தொரு ஆண்டுக்கு முன்.
நான் பிறக்க இன்னும் ஆறு ஆண்டு இருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.
"அதைச் சுற்றுகிறவற்றுக்கு எப்போது தெரியும்?"

முதல் கோளுக்கு மூன்று நிமிடத்தில்.
இரண்டாவதற்கு ஒன்பது.
மூன்றாவது தள்ளிக் கிடக்கிறது, நாற்பது.
பகல் பக்கம் உடனே பொசுங்கும்.
இரவுப் பக்கத்தில், நிலவென்று ஒன்று இருந்தால்,
அது திடீரெனக் கண்ணைக் கூசவைக்கும்;
அண்ணாந்தவனுக்கு அப்போதே தெரியும்.
தூங்குகிறவனுக்குப்
பின்னால் காற்று வந்து சொல்லும்.

"முதல் கோளில் இருப்பவன்
மூன்றாவதற்குக் கூவிச் சொல்லக்கூடாதா?"
ஒளியை முந்தி ஓடும் குரல் கிடையாது.
சேதியும் அடியும் ஒரே காலில் வரும்.

"அப்படியானால் அந்த நாற்பது நிமிடம்
அங்கே என்ன நடக்கும்?"
ஒன்றும் நடக்காது.
நிழல் விழுந்த இடத்திலேயே விழும்.
கடல் இருந்தால் அலையடிக்கும்.
மாறிப்போன விண்மீனின்
மாறாத பழைய வெயிலில்
எதையாவது காயப்போட்டிருப்பார்கள்.

வெகுநேரம் அவர் பேசவில்லை.
குவிமாடம் ஒரு பாகை நகர்ந்து முனகியது.

"கலாமா சுரங்கத்தில் கூரை இறங்கியது
பதினொன்று ஐந்துக்கு.
எனக்குத் தொலைபேசி வந்தது பதினொன்றே முக்காலுக்கு.
நடுவில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு உரித்தேன், யாஸ்னா.
சீட்டியடித்துக்கொண்டு.
தம்பிக்கென்று பெரிதாக இரண்டைப் பொறுக்கித்
தனியே வைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான்."

எனக்குச் சொல்லத் தெரிந்தது எண்கள்தான்.
பதிவேட்டில் எழுதினேன்:
பொலிவு நான்கு மடங்கு. மேகமில்லை.
வடக்குக் காற்று, மிதம்.

ஆறே காலுக்கு மாடத்தை மூடி வெளியே வந்தோம்.
முகடு சிவந்து
சூரியன் விளிம்பு காட்டியது.
எவாரிஸ்தோ கடிகாரத்தைப் பார்த்தார்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.
எட்டு நிமிடம் நின்றோம்,
கொஞ்சம் கூடவே நின்றோம்.
பிறகு அவர்
முட்டை உடைக்கப் போனார்.