ராத்திரி உறைஞ்சுதா

குளச்சலில் பனி என்றால்
தகர டின்னில், உப்புநீர்த் தொட்டிக்குள்
ஒரு பகலும் ஓர் இரவும் நின்று வரும்
ஐம்பது கிலோ கட்டி.
அதிகாலை மூன்றுக்கு விசைப்படகுகள் கேட்கும்.
நான் கணக்கெழுதுகிறேன்.
ஆள் வராத நாளில் கொக்கியும் பிடிப்பேன்.

என் தம்பி பெர்க்மான்ஸ்
அதே மூன்று மணிக்கு
வடக்கே ஒரு கணவாயில் டோசர் ஏறுகிறான்,
ராணுவச் சாலையில் பனி தள்ள.

மாசியில் விழுறது தூளுக்கா,
பங்குனியில் விழுறது ஈரச் சிமெண்டு, என்பான்.
ராத்திரி மேல்தோல் இறுகினால்
காலை பத்துவரை மலை பிடித்துக்கொண்டிருக்கும்.
பிறகு வெயில்.
தெற்கு பார்த்த சரிவு முதலில் இளகும்.
தேங்காய் அளவு உருண்டைகள்
யாரும் தொடாமல் உருண்டு வரும்.
கண்டால் எஞ்சினை அணைக்கக்கூட நிற்கக் கூடாது.

எனக்கு அது புரியும்.
படகு போகாத நாளில் முற்றத்தில் கிடந்த கட்டி
பார்க்க முழுசாய்த்தான் இருக்கும்.
உள்ளே வெயில் ஊசி ஊசியாய் இறங்கியிருக்கும்.
கொக்கி பட்டதும்
குச்சி குச்சியாய் உதிரும்.

அதனால் சாப்பிட்டியா என்று கேட்பதில்லை.
தினமும் ஒன்றுதான்:
ராத்திரி உறைஞ்சுதா?
உறைஞ்சுது.
வைத்துவிடுவான்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே கால்.
இங்கே கரண்ட் போய்
கம்ப்ரசர் நின்ற நேரம் அழைத்தான்.
பின்னால் எஞ்சின் இரைச்சல்.
இன்னும் மேலதான் நிக்கியா லேய்?
நானூறு மீட்டர்தான் பாக்கி அக்கா,
நாளைக்கு யாரோ பெரிய ஆளு வண்டி கடக்கணுமாம்.
ராத்திரி உறைஞ்சுதா?
...மேகம் மூடிக் கிடந்துது.

எறங்குலே, என்றேன்.
எறங்குலே.
கட்டி இழுத்துக்கொண்டிருந்த ததேயுஸ்
திரும்பிப் பார்த்தான்.
லைன் அறுந்திருந்தது. எப்போது என்று தெரியவில்லை.

கரண்ட் வந்தது.
எழுபத்திரண்டு கட்டி போனதற்கு
இருபத்தேழு என்று எழுதி, அடித்து,
மறுபடியும் இருபத்தேழு என்றே எழுதினேன்.

இரண்டு மணிக்கு ஒரு படம். சொல் எதுவுமில்லை.
வெள்ளை அல்ல, மண்ணும் கல்லும் முறிந்த மரமும் கலந்த
அழுக்குச் சாம்பல்.
அதற்கு வெளியே ஒரு முழம்
மஞ்சள் இரும்பு.
இடது மூலையை ஏதோ மங்கலாய் மறைத்திருந்தது.
பெரிதாக்கினேன்.

கோணல் நகம்.
ஏழாவது படிக்கையில்
இந்த அரவை மெஷினில் நசுங்கிய
கட்டைவிரல்.

வெளியே மீன்வண்டிக்காரன்
ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறான்.
அடிக்கட்டும்.