வந்தாயிற்று

தோர்தோய் சந்தையில் கடை என்றால்
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய கப்பல் பெட்டி.
கடலே இல்லாத நாட்டில்
கரையேறி நின்றுவிட்ட பெட்டிகள்.
மேலே சரக்கு, கீழே வியாபாரம்.
ஏழாம் வரிசையில் புருல் ஜிப் விற்கிறாள்.
உலோக ஜிப், நைலான் ஜிப்,
இரண்டு முனையிலும் திறக்கிற ஜிப்.
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
வலது கையுறையில் ஒரு விரலை மட்டும்
வெட்டி எடுத்திருக்கிறாள், பக்கம் புரட்ட.

புத்தகம், நகலின் நகல்.
ஓரத்தில் முகம் தெரியாத ஒருவரின் பென்சில் விடைகள்,
பாதிக்கு மேல் தப்பு.
சனிக்கிழமை தேர்வு.

பதினான்காம் கேள்வி:
மார்த்தா ஐரீனைச் சந்தித்தபோது
அவள் அழுதுகொண்டிருந்தாள்.
அடிக்கோடிட்ட சொல்லில் பிழை உண்டா?

உண்டு.
பிரதிப்பெயர் வரும் முன்னே
அதற்கான பெயர் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.
ஒரே ஒரு பெயர்.
இரண்டு பெண்கள் நின்றால் 'அவள்' செல்லாது.
யார் என்று சொல்லிவிட்டுத்தான் அழ வேண்டும்.

ஹீ, ஷீ, இட் மூன்றையும்
அவள் பாஷை ஒரே 'அல்'லில் முடித்துக்கொள்ளும்.
மாப்பிள்ளையும் அல், மணப்பெண்ணும் அல்,
அவர்கள் ஏறிப்போகும் காரும் அல்.
புத்தகத்திலோ நர்ஸ் எப்போதும் அவள்,
இன்ஜினியர் எப்போதும் அவன்,
கம்பெனி மட்டும் அது.
ஆயிரம் பேர் வேலை செய்தாலும் அது.
பதினோரு தடவை அவள் சறுக்கிய இடம்
இந்தக் கம்பெனிதான்.
ஆயிரம் பேரை எப்படி ஐயா
அஃறிணையில் தள்ளுவது?

மூன்றேகாலுக்கு போன் அதிர்ந்தது.
நாரினிலிருந்து நாத்தனார் பெரிசாத்:
அல் கெல்தி.
இரண்டே சொல், முற்றுப்புள்ளிகூட இல்லை.

இங்கே எனக்கும் ஒரு சங்கடம்.
தமிழ் வினை, வாலில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.
வந்தான் என்றால் ஒரு கதை,
வந்தது என்றால் வேறொன்று.
பெரிசாத் சொல்லாததை நான் சொல்லலாகாது.
ஆகவே,
வந்தாயிற்று.

அக்டோபரில் பணம் கட்டிய நிலக்கரி லாரியாக இருக்கலாம்.
கோர்ட்டுக் கடிதமாக இருக்கலாம்.
மாமியாரின் புதிய பல்செட்,
அதுவும் இந்த வாரம்தான் என்றார்கள்.

அல்லது
மூன்று வருஷம் முன்பு
யெகாத்தரின்பூர்க் பஸ்ஸில்
"மூட்டையை மட்டும் ஏற்றிவிட்டு இறங்கிவிடுகிறேன்" என்று
சிரித்துக்கொண்டே ஏறிய ஆள்.

அந்த வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை.
சோற்றுத் தட்டை எடுத்து வைக்கும்போதும் அல்,
கடன்காரனுக்குப் பதில் சொல்லும்போதும் அல்.
முன்னே பெயர் வராமலே
எல்லோருக்கும் புரிந்துவிடுகிற அல்.
இப்படி ஒரு வாக்கியம்
தேர்வில் வந்தால் மதிப்பெண் போச்சு.

'கிம்' என்று தட்டினாள். யார்?
தட்டிவிட்டுப் பார்த்தாள்.
யார் என்று கேட்டால்
ஆளுக்காகக் காத்திருந்தது தெரிந்துபோகும்.
அதுவும் அவன் தங்கைக்கு.
மூன்று எழுத்தையும் அழித்தாள்.
'எம்னே?' என்று அனுப்பினாள்.
எது?

"இருபது சென்டிமீட்டர், கறுப்பு, இருக்கா?"
இருந்தது. எடுத்துக் கொடுத்தாள்.
"ஒரு பல் குறையுதே."
வேறு கொடுத்தாள். சில்லறையைத் தப்பாக எண்ணி
மறுபடி எண்ணினாள்.

பெரிசாத் எழுதுகிறாள் என்றது போன்.
பிறகு எழுதவில்லை.
பிறகு எழுதுகிறாள்.

பதினைந்தாம் கேள்வி:
கம்பெனி தன் பழைய ஊழியர்களைத்
திரும்ப அழைப்பதாக அறிவித்தது.
பென்சில் 'அவர்கள்' என்றிருந்தது.
புருல் அதை அடித்துவிட்டு
'அது' என்று போட்டாள், யோசிக்காமல்.

சரியான விடைதான்.
பின்பக்கம் புரட்டிப் பார்க்கவில்லை.
வெறும் விரல் சில்லிட்டுப் போய்
போனின் மேலேயே இருந்தது.