மீட்டர் பார்க்க வந்தவன்

கார்த்திகை. இன்னும் ஒரேயொரு ஆட்டம்.
ஐஸ் வாடி ரசீதுத் தாளின் பின்பக்கத்தில்
கணக்குப் போடுகிறேன்:
மூதூர் தோற்க வேண்டும்,
கிண்ணியா சமநிலையில் முடிக்க வேண்டும்,
நாங்கள் நிலாவெளிக்கு மூன்று கோல் அடிக்க வேண்டும்,
ஒன்றும் வாங்கக் கூடாது,
மழை ஆட்டத்தை நிறுத்தக் கூடாது.
கலியாணத்துக்குக்கூட நான்
இத்தனை நிபந்தனை வைக்கவில்லை.

ஆடியில் இப்படியா இருந்தோம்?
எட்டாம் இலக்கம் சதாகரன்
நடுக்கோட்டில் பந்தை மிதித்துத் தலை நிமிர்ந்தால்
திருக்கடலூர் முழுக்க மூச்சை அடக்கும்.
கச்சான் காற்றுக்கு இவ்வளவு என்று ஒதுக்கிவிட்டு
அவன் தூக்கிக் கொடுக்கும் பந்து
வளைந்து போய்
ஓடுகிறவனின் காலைத் தேடிப் பிடிக்கும்.
பசீர் தன் ஓட்டோவின் பின்கண்ணாடியில்
பெரிதாக எட்டு ஒட்டினான்.
பாரைமீன் விலையைக்கூட
எட்டில் முடிய வைத்தார்கள் சந்தையில்.

பிறகு வாடை திரும்பியது.
பந்தும் திரும்பியது.

கிண்ணியாவோடு ஆடிய அன்று, எண்பத்தெட்டாம் நிமிஷம்,
பெனால்டி.
அவன் அடித்த பந்து மதிலைத் தாண்டி
பஸ் நிலையப் பக்கம் போய் விழுந்தது.
எடுத்து வரப் போன பெடியன்
கச்சான் சுருளோடு ஆறுதலாக வந்தான்.
அதற்குள் எல்லாம் சொல்லி முடிந்திருந்தது:
காசு வாங்கிட்டான்.
வயசு போட்டுது.
முழங்கால் இல்லை, மனசுதான் நொண்டி.
அவனை இருத்துங்கோ, கஜலக்சனை இறக்குங்கோ!
கஜலக்சனுக்குப் பதினெட்டு வயது.
ஒரு ஆட்டமும் ஆடியதில்லை.
ஆடாதவன் காலில் பிழை இருக்காது.

நான் கத்தினது வேறு.
‘சதாகரா, உனக்கு ஏன் பந்து,
போய் மீட்டரைப் பார்!’
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
எனக்குப் பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை வந்தான்.
மழைக்கோட்டு, கையில் மின்சார சபைக் கருவி,
படியில் வலக்காலை முதலில் வைத்து
மற்றதை அதற்குப் பக்கத்தில் கொண்டு வந்தான்.
ஒவ்வொரு படிக்கும் அப்படித்தான்.
என் மீட்டர் உயரத்தில் இருக்கிறது.
எட்டிப் பார்த்தான்.

‘நூற்றிப் பதினாறு. போன மாசத்தைவிடக் கூட.’
‘ஓம். ஃபிரிட்ஜ் பழசு,’ என்றேன்.
நிமிர்ந்து பார்த்தான்.
‘அக்காவுக்குத் தொண்டை அடைச்சிருக்கு.
இஞ்சி போட்டுக் குடியுங்கோ.
ஞாயிறும் மட்ச் இருக்கு.’

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.
வந்தது இது:
‘இடப்பக்கம் குடு தம்பி.
வலப்பக்கத்தான் நித்திரை.’
பில்லைக் கிழித்துத் தந்துவிட்டுப் போனான்.

ஞாயிறு.
மைதானத்தில் மான்களை விரட்டவே கால் மணித்தியாலம்.
ஒன்று மட்டும் கோல் கம்பத்தடியில் நின்றுகொண்டது,
எங்கள் கோல்காப்பாளனைவிட உறுதியாக.
கஜலக்சன்தான் இறங்கினான்.
மூன்று தடவை பந்தைப் பறிகொடுத்தான்.
நான்காம் தடவை வழுக்கி விழுந்தான்.
அரை மணித்தியாலத்தில்
அதே வாய்கள், அதே குடைகளின் கீழ்:
‘சதாகரனை இறக்குங்கோ!
எங்கட சதாவை இறக்குங்கோ!’
பசீர் எல்லோருக்கும் மேலாக.
சுரண்டி எடுத்த எட்டின் பசை
ஓட்டோக் கண்ணாடியில் இன்னும் இருந்தது.

எழும்பினான்.
முழங்கால் கட்டை இறுக்கினான்.
எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

மூதூர் வென்றுவிட்டதென்று யாருக்கோ போன் வந்தது.
அதோடு கணக்கு முடிந்தது.
கையில் நனைந்திருந்த தாளைக் கீழே போட்டேன்.
வேலியோரம் நின்ற மான் அதை எடுத்து
நிதானமாகத் தின்றது,
மூதூரை முதலில்.

ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை.
ஏனென்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கடைசி நிமிஷம்.
நடுக்கோட்டில், சேற்றில்,
அவன் பந்தை மிதித்துத் தலை நிமிர்ந்தான்.
‘இடப்பக்கம்!’ என்று கத்தினேன்,
இஞ்சி குடித்த தொண்டையால்.
கேட்டிருக்க வேண்டும். கொடுத்தான்.
அங்கே யாருமில்லை.
பந்து தண்ணீரில் இரண்டு முழம் உருண்டு
நின்றது.

பிழை என்னுடையது.
ஆனாலும் வாயில் வந்தது
அவன் பெயர்தான்.