நாற்பத்தெட்டாவது கரண்டி

உப்புவெளியில் மாரி தொடங்கி
அறைகள் காலி. மாதக் கடைசி.
குசினியில் கணக்கெடுக்கிறேன்.
கத்தி அறுபது. முள் ஐம்பத்தொன்பது.
தேக்கரண்டி நாற்பத்தேழு.
"மற்றது எங்கே, ரொமால்ட்?"
சிரித்தபடி பிரிட்ஜைத் திறக்கிறான்.

பாதி குடித்த நுரைவைன் போத்தல்,
காம்பு கழுத்துக்குள் தொங்க
வாயில் கரண்டியோடு நிற்கிறது,
காய்ச்சல் பார்க்கிற பிள்ளை மாதிரி.

ஏழாம் அறை விட்டுப்போனது.
தேனிலவுக்கு வந்து, இரண்டாம் நாளே
ஆளுக்கொரு ஓட்டோவில்
ஒரே ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

"கரண்டி இருந்தால் வாயு போகாது, அக்கா.
வெள்ளி இழுத்துப் பிடிக்கும்."
"இது வெள்ளியா? மெயின் வீதியில்
டசின் கணக்கில் நான் வாங்கின எவர்சில்வர்."
"வெள்ளிக்குத் தம்பி முறைதானே."

மீன் நிறுக்க வந்த கிண்ணியா நவ்சாத்
தராசிலிருந்து கண் எடுக்காமல்:
"நான் தொடாத சாமான். ஆனா ஒரு கேள்வி.
மூடிக்குப் பதிலா கரண்டி குத்தி
சோடா விற்கிற கடை
எங்கயாச்சும் கண்டீங்களா?"

சனிக்கிழமை நிச்சயதார்த்தத்தில்
இரண்டு போத்தல் மிஞ்சியது.
இரண்டிலும் சரிபாதி.
ஒன்றுக்குக் கரண்டி, ஒன்றுக்கு ஒன்றுமில்லை,
ஒரே தட்டு, மூன்று இரவு.
இரண்டாம் இரவு ஒன்பதுக்குக் கரண்ட் போய்
பன்னிரண்டுக்கு வந்தது.
கதவைத் திறக்கவேண்டாம் என்று
துண்டில் எழுதி ஒட்டினேன்.

மூன்றாம் மாலை இரண்டு கிளாஸ்.
குடிக்கவில்லை, காது வைத்தோம்.
அலை பின்வாங்கும்போது
ஈரமணல் பொரிகிற சத்தம்,
இரண்டிலும்.
ஒன்றில் கூட, ஒன்றில் குறைய என்று
சத்தியம் பண்ண ஒருவருக்கும் முடியவில்லை.

குளிர்தான் பிடித்து வைத்திருக்கிறது, என்றேன்.
கன்னியாவில் பார், ஏழு கிணறு,
சுடுதண்ணீர்க் குமிழி வந்த கையோடு போய்விடும்.
வாளியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோனவர் யார்?

ரொமால்ட் விடுகிற ஆளில்லை.
"பக்கத்தில வச்சதில
மற்றதுக்கும் பலன் கிடைச்சிருக்கும்."

அன்றிரவு கொழும்பிலிருந்து போன்.
ஏழாம் அறைப் பெண்.
"ஏதும் விட்டிட்டு வந்தோமா?"
சார்ஜர் ஒன்று இருக்கிறது, என்றேன்.
போத்தலைச் சொல்லவில்லை.
"வேற ஆரும் எடுத்துக் கேட்டவையா?"
இல்லை.
வைக்கவில்லை அவள்.
லைனில் கொஞ்ச நேரம்
மெல்லிய இரைச்சல் மட்டும்.
மழையா, இங்கேயா, அங்கேயா.

பிறகு போய்ப் பார்த்தேன்.
ஏழாம் அறைப் போத்தல் பின்தட்டில்
அப்படியே, வாயில் கரண்டியோடு.
எடுக்கக் கை போய்த் திரும்பியது.

கொப்பியில் எழுதினேன்:
தேக்கரண்டி நாற்பத்தெட்டு.
ஒன்று வேலையில்.