கம்பளி நனைந்த நாள்

ஐந்து மணிக்கு இந்தக் கொட்டகையில்
நான்தான் முதலில் எழுவேன்.
ஆறு கத்தரி இயந்திரங்கள், ஆறு தொங்குகுழாய்கள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு முழங்கை.
முழங்கைக்கு இரண்டு சொட்டு எண்ணெய்.
விட மறந்தால் மத்தியானத்துக்குள் சூடேறிப் புகையும்,
கத்தரிக்கிறவன் என் வம்சத்தையே இழுத்துத் திட்டுவான்.
இருபத்திரண்டு வருஷமாய் இதுதான் வேலை.
என் கழுத்துக்கும் எண்ணெய் விடலாம் என்று
எனக்கே தோன்றியதில்லை.

இரண்டாவதாக எழுகிறவன் ரொசாமெல் ஒயார்சூன்,
சீலோயே தீவுக்காரன்.
போன கோடையில், நூற்றுத் தொண்ணூறாவது ஆட்டின்மேல்
குனிந்தவன் நிமிரவில்லை.
கழற்றிய கதவில் கிடத்தித் தூக்கிப்போனோம்,
மடக்கிய கத்திபோல ஒருக்களித்துக் கிடந்தான்.
இனி வரமாட்டான் என்று
அவன் கொக்கியில் என் கோட்டை மாட்டிவிட்டேன்.

வந்துவிட்டான்.
புந்தா அரேனாஸ் ஆஸ்பத்திரித் தாள் ஒன்றை
தூணில் ஆணியடித்து மாட்டினான்.
குச்சி மனிதர்கள், வளைந்த அம்புக்குறிகள்.
அடியில் யாரோ பேனாவால் எழுதியது:
வலிக்கும் இடத்துக்கு ஒரு விரல் முன்பே நில்.

கம்பளி மூட்டையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கிறான்.
தூக்கிய காலின் பெருவிரலால்
காற்றில் மகள் பெயரை எழுதுகிறான்: எடெல்மிரா.
"நீளப் பெயராய் வைத்தது நல்லதாய்ப் போயிற்று,
கணுக்கால் முழுச் சுற்றும் வந்துவிடுகிறது."
மேஸ்திரியோடு சண்டை போட்ட மறுநாள் மட்டும்
மேஸ்திரி பெயர்; அதை எழுதிவிட்டு ஒரு உதை.
பிறகு இடுப்பு,
பெரிய பானைக்குள் அகப்பை போகிற மாதிரி,
அடிப்பிடிக்காமல், அவசரமில்லாமல்.
பிறகு தோள், மணிக்கட்டு.
விரல்களை ஒவ்வொன்றாக விரித்து
ஒவ்வொன்றாக மூடுகிறான்,
கடன் எண்ணுகிறவனைப்போல.

"எந்தக் கல்யாணத்துக்கு ஒத்திகை?"
படுக்கையிலிருந்தே கத்துவான் மன்சில்லா.
இருபத்து நாலு வயது, நாளுக்கு இருநூற்றுப் பத்து ஆடு.
எல்லாரும் சிரிப்போம். ரொசாமெலும் சிரிப்பான்,
இடுப்பை நிறுத்தாமல்.

பதினோராம் நாள் மழை பிடித்துக்கொண்டது.
நனைந்த ஆட்டைக் கத்தரிக்கக் கூடாது.
மூன்று நாள் சீட்டு, மாத்தே, தூக்கம்,
மறுபடி சீட்டு.
கூரைத் தகரம் பேசிக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் காலை
ஒருவனாலும் பூட்ஸ் நாடாவை எட்ட முடியவில்லை.
மன்சில்லா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான்,
அடுத்தவன் வீட்டு நாயைப் பார்ப்பதுபோல.
வேலை செய்த நாளெல்லாம் தெரியாத வலி
சும்மா இருந்த நாளில் வந்து குடியேறியிருக்கிறது.
சமையல்காரி பாஸ்குவாலா சொன்னாள்:
"ஆடாத கீல்தானே துருப்பிடிக்கும்?"
ரொசாமெல் ஒன்றும் சொல்லவில்லை.
எடெல்மிராவை எழுதிக்கொண்டிருந்தான்.

அன்றிரவு விளக்கு அணைந்தபின்
தூண் பக்கம் தீக்குச்சி உரசும் சத்தம்.
தாளைப் படிக்க மன்சில்லா மூன்று குச்சி செலவழித்தான்.
மறுநாள் ரொட்டி பிசைந்த கையோடே
பாஸ்குவாலா மணிக்கட்டைச் சுழற்றினாள்,
மாவு எங்கள் காப்பியில் விழுந்தது.

நான் யாருக்கும் தெரியாமல் செய்கிறேன்,
தீட்டும் சக்கரத்தின் பின்னால், கழுத்துக்கு மட்டும்.
இடது பக்கம் மெல்ல, ஒரு விரல் முன்பே நின்று.
முதல் வாரம் என் தோள் தெரிந்தது.
அடுத்த வாரம் எண்ணெய் டப்பா.
நேற்று, இடது ஓரத்துச் சரிவுக் கதவு.

இத்தனை வருஷமாக அதன் வழியே
குளம்புச் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்கும்.
நேற்றுப் பார்த்தேன்:
கம்பளி போன ஆடு வெளியே சறுக்கி விழுந்து,
தன் எடை எங்கே போயிற்று என்று ஒரு நொடி திகைத்து நின்று,
நாலு காலும் தரைவிட்டு ஒரே துள்ளல்.

இன்னொன்று வரட்டும் என்று
அப்படியே திரும்பி நின்றிருந்தேன்.
கத்தி மொக்கை, கத்தி மொக்கை என்று
மன்சில்லா அங்கே
தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.