எந்தக் கடல் முதலில்

மூன்று கதைகள் பூட்டவிழ்ந்து கிடக்கின்றன.
முதலில் வெளியானது ‘உப்பரசியின் சாபம்’.
‘விளக்கில்லாத் துறை’ ஆறு வருடம் கழித்து வந்தாலும்
கதைக்குள் அது பன்னிரண்டு வருடம் மூத்தது.
மூன்றாவதின் பெயரை நான் படிக்கவில்லை,
பெயரிலேயே பாதி தெரிந்துவிடும் என்று
கட்டைவிரலால் மறைத்திருக்கிறேன்.

தடைக்காலம்.
தெற்குவாடியில் படகுகள் மல்லாந்தும் சாய்ந்தும்.
நண்டு கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை,
விரல் நகத்தில் எப்போதும் ஒரு வெள்ளைச் சதை.
நாளைக்கு ஒன்றரை ஜிபி,
கதை ஒன்று நாலு ஜிபி,
பாலத்துப் பக்கம் டவர் மக்கர் பண்ணாதிருந்தால்
மூன்று ராத்திரிக்கு ஒரு கதை இறங்கும்.
எல்லாவற்றையும் ஒன்றாக இறக்கிவிட்டு
அப்புறம் யோசிக்கலாம் என்பது
பணமுள்ளவர்கள் ஆடும் ஆட்டம்.

“வெளியான வரிசையில் ஆடுங்கக்கா,”
கீழக்கரையிலிருந்து ஹில்மி.
முகம் பார்த்ததில்லை, மூச்சிரைப்பு தெரியும்.
“செஞ்சவன் எந்த வரிசையில யோசிச்சானோ
அதுலதான் ருசி.
இப்பத் துறைக்குப் போனா
அந்த ஓடக்காரனை உங்களுக்கு
சும்மா ஒரு ஓடக்காரனாத்தான் தெரியும்.”
பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்,
காதில் கேட்டது.
“வாங்கு சொல்றாங்க, வந்துடுறேன்.”

கிளாட்வின் என் தோளுக்குப் பின்னிருந்து:
“காலப்படி ஆடு.
காரணம் தெரியாம சண்டைக்குள்ள போகாதே.”
அவன் சொல்கிறான்!

போன ஐப்பசியில் அவன் கதை
எங்களுக்கு வந்த வரிசை இது.
முதலில் போட்டோ. யாருடைய போனிலிருந்தோ,
கரையில் குத்தவைத்த பதினோரு முதுகுகள்.
எந்த முதுகு என்று பெரிதாக்கிப் பெரிதாக்கி
புள்ளிப்புள்ளியாக உடைத்தோம்.
அப்புறம் எண்ணிக்கை: படகு இரண்டு.
அப்புறம் மன்னார், வவுனியா, வாய்தா, மறு வாய்தா.
நாற்பத்திரண்டு நாள் கழித்து அவனே,
யாரோ கொடுத்த தொளதொளச் சட்டையில்.
படகு வரவில்லை.
அதற்கெல்லாம் பிறகுதான்
ஒரு மத்தியானம் சோறு பிசைந்துகொண்டே
தொடக்கத்தைச் சொன்னான்:
அன்றைக்கு அவன் முறையே இல்லை.
செல்டன் பல்வலி என்று இறங்கிக்கொள்ள
இவன் ஏறினான்.

முடிவு தெரிந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
இருந்தும்
பலகையில் அவன் கால் வைத்த இடத்தில்
“ஏறாதடா” என்றேன், சத்தமாக.
எதிரில் உட்கார்ந்திருக்கிறான்,
வாயிலிருந்து சூடை முள்ளை எடுக்கிறான்,
என்னைப் பார்த்து முழிக்கிறான்.

கச்சான் அடித்தால் வடகடல்.
வாடை திரும்பினால் தென்கடல்.
இரண்டுக்கும் நடுவே இத்தனை வருடம் இருந்தும்
எது முதல் கடல் என்று
இந்தத் தீவில் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.
விளையாட்டில் காற்று கிடையாது.
கேட்கிறது பார்,
‘எங்கிருந்து தொடங்க விரும்புகிறீர்கள்?’

உப்பரசியைத் தொட்டேன்.
“சொல்பேச்சு கேக்காதே,” கிளாட்வின்
சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு போனான்.
பதினெட்டு சதவீதம். பத்தொன்பது.
நின்றுவிட்டது.
மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த்தொட்டி மேல்
போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.
இருபது.

உப்பரசியில் எங்கேயோ ஒருவன் சாகப்போகிறான்,
ஹில்மி சொல்லாமல் சொல்லிவிட்டான்.
சாகட்டும்.
அடுத்த மாதம் நான் துறைக்குப் போவேன்.
மீசை முளைக்காமல் அங்கே நிற்பான்,
துடுப்பால் சேற்றைக் குத்திக்கொண்டு,
என்னைத் தெரியாது அவனுக்கு.
அக்கரைக்கு ஒரு செப்புக்காசு என்பான்.
என் பையில் அப்போது
நாலாயிரம் தங்கம் இருக்கும்,
சில்லறை இருக்காது.

இருபத்தொன்று.
“அக்கா, இருக்கீங்களா?”
இருக்கிறேன், ஹில்மி.
வாயை மட்டும் திறக்காதே.