தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர்

என் வேலை அளப்பது.
நடிகையின் இமையிலிருந்து லென்ஸ் வரை
டேப்பை இழுத்து, எண்ணை முணுமுணுத்து
கையை விட்டால் சர்ரென்று சுருண்டு ஓடும்.
தொண்ணூற்றிரண்டு.
இன்றைய துக்கம் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது.

வூச் நகரத்துப் பழைய நூற்பாலை.
தறிகள் அதிர்ந்த தளத்தில் இப்போது
மூன்றே சுவருள்ள ஒரு சமையலறை.
நான்காவது சுவர் நிற்கவேண்டிய இடத்தில்
நாங்கள் பதினேழு பேர்,
ஒருவன் வாயில் மெல்லாத ஆப்பிள் துண்டோடு.

வியாழக்கிழமைத் தொடர், எழுபத்தோராம் பகுதி.
அடுப்பில் பீட்ரூட் சூப்.
நார்வேயில் மீன் அறுக்கப் போன கணவன்
போனில் சொல்கிறான், வரமாட்டேன் என்று.
போக்னா கேட்கவேண்டும். அவ்வளவுதான் காட்சி.

முதல் மூன்று டேக்கும் முக்காலியில்.
அழுகையில் குறையில்லை.
கண்ணீர் விழுந்த இடம்கூடச் சரி.
ஆனால் மானிட்டரில் அவள் யாரோ ஒருத்தி,
ஓடும் பேருந்திலிருந்து பார்த்த
யார் வீட்டு இழவோ.

ஹல்ஷ்கா கேமராவைத் தூக்கித் தோளில் வைத்தாள்.
பதினான்கு கிலோ.
அவள் மூச்சுக்குச் சட்டகம் ஒரு மயிரிழை ஏறி
ஒரு மயிரிழை இறங்கியது.
வீட்டில் பார்க்கிறவன்
அதைத் தன் மூச்சென்று எடுத்துக்கொள்வான்;
யாரும் அவனிடம் சொல்லப் போவதில்லை.
பிறகு போக்னாவின் பின்னால் போய் நின்றாள்.
முகம் இல்லை.
பிடரி, நழுவும் கிளிப், போன் வயர்போல்
காதில் சுற்றிய ஒரு முடிக்கற்றை.
இயக்குநர் சிப்ரியான் கையை ஆட்டினான்:
முகம், முகம்!
ஹல்ஷ்கா நகரவில்லை.

நான்காவது டேக்கின் கடைசியில்
போக்னா தானாகத் திரும்பினாள்.
நான் பிடரியிலிருந்து கண்ணுக்கு வந்திருக்கவேண்டும்.
என் விரல் அரை நொடி பிந்தியது.
அரை நொடி முழுக்க அவள் கலங்கி இருந்தாள்.
பிறகு தெளிந்தாள்.

தவறு என்றேன்.
ரெமெக், வாயை மூடு என்றாள் ஹல்ஷ்கா.
எடிட்டர் அந்த அரை நொடியை வெட்டவில்லை.
விரல் ஏன் பிந்தியது என்று யாரும் கேட்கவுமில்லை;
கேட்டிருந்தால்
குளிர் என்று சொல்லியிருப்பேன்.

ஒளிபரப்பான இரவு
டிராம் பணிமனைக்கு எதிரே கொழுக்கட்டைக் கடை.
மூலையில் உயரத்தில் டிவி, அதன் மேல் பூஞ்சட்டி.
சீருடையில் நாலைந்து ஓட்டுநர்கள்.
பிடரி வந்தபோது
ஒரு கிழவர் தலையைச் சாய்த்தார்,
டிவிக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால்
அவள் முகம் தெரிந்துவிடும் என்பதுபோல.
பாத்திரம் கழுவியவள் குழாயை மூடினாள்.
கலங்கிய அரை நொடி வந்தது.
தடித்த ஓட்டுநர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்தார்.
படம் கலங்கியதா கண் கலங்கியதா
அவருக்குத் தெரியவில்லை.
எனக்கும்.

விளம்பரம் ஓடியது, பற்பசை.
யாரும் முள்கரண்டியை எடுக்கவில்லை.
அப்புறம் அந்தத் தடித்தவர்,
பேட்ஜில் கெர்வாஸி என்றிருந்தது,
சாஸ் பாட்டிலிடம் சொல்வதுபோல் சொன்னார்:
அங்கேதான் நின்றேன், அவளுக்குப் பின்னால்.
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

காசு வைத்துவிட்டு வெளியே வந்தேன்.
நிறுத்தத்தில் ஈரப்பனி.
விளக்குக் கம்பத்தடியில் ஒரு பெண்,
காதில் போன், முதுகு எனக்கு.
பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.
எத்தனை மீட்டர் இருக்கும்?
டேப் ஸ்டுடியோவில் கிடந்தது.
கோட்டுப் பைக்குள் என் விரல்கள்
இல்லாத வளையத்தைத் திருகின.
ஒன்றும் தெளியவில்லை.

பன்னிரண்டாம் எண் டிராம் வந்து
கதவைத் திறந்து
மணி அடித்துக் காத்திருந்தது.
நான் ஏறவில்லை.